விலா எலும்பும் ஜட்டி ஹார்னஸும்

ஒரு விடுகதை போடுகிறேன் சார், சொல்லுங்கள் பார்ப்போம். ஒரே வீட்டில் பன்னிரண்டு ஜோடி. ஏழு ஜோடி முன்வாசல் வரை தாமே நடந்து வரும். மூன்று ஜோடி பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டு வரும். கடைசி இரண்டு ஜோடி மட்டும் பாதி வழியிலேயே நின்றுவிடும். அது என்ன?

தெரியவில்லையா? எனக்கும் தெரியவில்லை. விலா எலும்பு சார். ஏழு ஜோடி நேராக வந்து நெஞ்செலும்பில் சேருகிறது. மூன்று ஜோடி மேலே இருப்பதோடு ஒட்டிக்கொண்டு சேருகிறது. கடைசி இரண்டு ஜோடி எதிலும் சேராமல் அந்தரத்தில் நிற்கிறது. என் மகள் அபிஷா போட்ட விடுகதை இது. ஆறாவது படிக்கிறாள். போட்டுவிட்டு, "அந்தக் கடைசி ரெண்டுக்கும் முன்னால பிடிமானமே இல்லப்பா. ஏதாவது குத்துனா அதுக்குத்தான் மொதல்ல வலிக்கும்" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதுகில் தட்டிக் கொடுத்தேன். பிள்ளைக்கு நல்ல பொது அறிவு.

கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உட்காருகிறீர்களா? இடது பக்கம் எனக்குக் கொஞ்சம் வாயு. ஆமாம், வாயுதான். இன்னொன்று, நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். என்னைச் சிரிக்க வைக்கக் கூடாது. தும்மல் வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பக்கத்தில் ஒருவர் தும்மினால் எனக்கும் வரும், எனக்கு வந்தால் இந்த பஸ்ஸை நிறுத்தும்படி ஆகிவிடும்.

மதுரைக்குத்தான் போகிறேன். எக்ஸ்ரே எடுக்க. ஏற்கெனவே ராமநாதபுரத்தில் எடுத்தாயிற்று. அந்தப் படம் சரியில்லை. டாக்டர் பேனா முனையால் பதினோராவது எலும்பைக் காட்டி, "இங்க பாருங்க, கோடு விழுந்திருக்கு" என்றார். படத்தில் முடி ஒட்டியிருக்கும் என்று சொன்னேன். "இதுல எல்லாம் முடி ஒட்டாதுங்க" என்றார். அவர் வழுக்கை. முடியைப் பற்றி அவரிடம் என்ன பேசுவது? அதனால்தான் பெரிய ஊருக்குப் போகிறேன்.

என் பெயர் கிளாட்வின். மண்டபம் பக்கம் கடற்கரையில் பட்டப் பலகை சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர். பார்த்ததில்லையா? ஒரு அறை அகலத்துக்குப் பெரிய பட்டம். அதைக் காற்றில் ஏற்றி, காலில் ஒரு பலகையை மாட்டிக்கொண்டு, பட்டம் இழுக்க இழுக்கக் கடல் மேல் போக வேண்டும். அந்த இழுப்பைக் கையால் தாங்கினால் கை தோளோடு கழன்று வந்துவிடும். அதனால் உடம்பில் ஒரு பட்டை கட்டுவோம். அதன் முன்னால் ஒரு இரும்புக் கொக்கி இருக்கும். பட்டத்தின் கயிற்றை அந்தக் கொக்கியில் மாட்டிவிட்டால் இழுப்பு முழுக்க உடம்புக்குப் போய்விடும். அந்தப் பட்டைக்கு ஹார்னஸ் என்று பெயர்.

ஹார்னஸில் இரண்டு ஜாதி. ஒன்று இடுப்பில் மட்டும் கட்டுவது. மல்யுத்தக்காரன் ஜெயித்து வாங்கும் பட்டை மாதிரி கம்பீரமாக இருக்கும். இன்னொன்று உட்காரும் இடத்தைத் தாங்கி, இரண்டு தொடையையும் வளைத்துப் பட்டை போட்டுப் பூட்டுவது. பார்க்க, பால்குடிக்கும் பிள்ளைக்குத் துணி கட்டிவிட்ட மாதிரி இருக்கும். முதலாவதுக்கு 'பெல்ட்', இரண்டாவதுக்கு 'ஜட்டி' என்று பெயர் வைத்தது நான்தான். இன்றைக்கு எங்கள் கரை முழுக்க அந்தப் பெயர்தான். கம்பெனி வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை.

பெல்ட்டுக்கு ஒரு குணம் உண்டு. பட்டம் தலைக்கு நேர் மேலே போனால் பெல்ட்டும் அதன் பின்னால் போகப் பார்க்கும். இடுப்பில் கட்டியது விலாவுக்கு ஏறும். விலாவிலிருந்து அக்குளுக்கு ஏறும். கொக்கியும் கூடவே வரும். ஜட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை, தொடைப் பட்டை கீழே பிடித்து வைத்துக்கொள்ளும். இதைப் பெல்ட்டின் குறை என்று சிலர் சொல்வார்கள். நான் குணம் என்கிறேன். குதிரைக்கும்தான் துள்ளுகிற குணம் இருக்கிறது, யாராவது குறை சொல்கிறார்களா?

அதற்கு எங்கள் கரையில் வைத்தியமும் வைத்திருக்கிறோம். மூச்சை முழுக்க வெளியே விட்டு ஒருவன் நிற்பான். இன்னொருவன் அவன் முதுகில் முழங்காலை ஊன்றி, பட்டையை இரண்டு கையாலும் இழுப்பான். நிற்பவன் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தால் இறுக்கம் சரி. தண்ணீரில் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் வயிறு உள்ளே போய் எல்லாம் தளர்ந்துவிடும். அது வேறு விஷயம். கரையில் இறுக்கமாகத்தானே இருந்தது!

இந்த வருடம் மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று நன்றாகப் பிடித்த சமயத்தில் திருச்சியிலிருந்து ஒரு வக்கீல் கற்றுக்கொள்ள வந்தார். தணிகாசலம் என்று பெயர். நல்ல கனமான சரீரம். பையைத் திறந்தார். உள்ளே ஜட்டி. கரையே என்னைப் பார்த்தது. நான் என்ன செய்வேன்? என்னிடம் எதிர்பார்க்கிறார்கள்.

"என்ன சார், வீட்டுல சின்னப் பிள்ளை ஏதாவது இதைத் தேடிக்கிட்டிருக்கப் போவுது" என்றேன்.

அவர் நிதானமாகக் காலை விட்டுக்கொண்டே, "மாஸ்டர், என் மானம் எங்கயோ பத்திரமா இருக்கு. என் விலாதான் இங்க இருக்கு. அதை நான் பாத்துக்கிடுறேன்" என்றார்.

வக்கீல் அல்லவா, பேசத் தெரியும். பசங்கள் சிரித்தார்கள். யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அதனால், பெல்ட் என்றால் என்ன என்று அவருக்குக் காட்டிவிடலாம் என்று நானே இறங்கினேன்.

நன்றாகத்தான் போனேன். பட்டத்தைத் தலைக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தி, கையை எடுத்துவிட்டு, கரையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். அந்த நேரம் பார்த்துக் காற்று மூச்சை இழுத்துக்கொண்டது. பிறகு மொத்தமாக விட்டது. பெல்ட் ஏறியது. கொக்கி இடது விலாவுக்கு அடியில் வந்து உட்கார்ந்தது. டக் என்று ஒரு சத்தம். கரை வரைக்கும் கேட்டதாம்.

பலகையின் சத்தம் என்று சொன்னேன். பலகை அதற்கு முன்பே என் காலை விட்டுக் கழன்று, தனியாகக் கரை ஒதுங்கிவிட்டிருந்தது. வக்கீல்தான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒன்றும் பேசவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

வேகத்தடை வருகிறதா? வந்தால் சொல்லுங்கள். ஐயோ. சரி, போய்விட்டது. ஒன்றுமில்லை. கொஞ்சம் இருங்கள்.

வீட்டுக்கு வந்தால் என் மனைவி ஜெசிந்தா பார்த்தவுடனேயே, "ஏங்க, எதுக்கு ஒரு பக்கமா நடக்குறீங்க, நண்டா?" என்றாள்.

"வாயு" என்றேன்.

"வாயுக்கு எதுக்குங்க சட்டையைக் கழட்ட மாட்டேங்குறீங்க?"

பெண்கள் இப்படித்தான், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் கேட்பார்கள். ஓமத்தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். ஏப்பம் வந்தது. ஏப்பத்தோடு உயிரும் வந்தது, பாதி வழியில் பிடித்து உள்ளே போட்டேன். வாயு இல்லாதவனுக்கு ஏப்பம் வருமா? நீங்களே சொல்லுங்கள்.

என்னை விடுங்கள். நான் சொல்ல வந்தது அபிஷாவைப் பற்றி. எங்கள் கரையில் கச்சான் முடிகிற சமயத்தில் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி வைப்போம். மணல்திட்டு ஓட்டம் என்று பெயர். பட்டப் பலகையில் கரையிலிருந்து கிளம்பி, எதிரே இருக்கும் மணல்திட்டைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். போன வருடம் அபிஷா மூன்றாவதாக வந்தாள். அப்போது அவளுக்கு ஜட்டிதான். சின்னப் பிள்ளை, சரி, இருக்கட்டும் என்று விட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து அழவில்லை. சுவரில் கரிக்கட்டியால் மணல்திட்டை வரைந்து, எந்த இடத்தில் திரும்பினால் முந்தலாம் என்று கோடு போட்டாள். வருடம் முழுக்க அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டாள். வெள்ளையடிக்க வந்தவனை ஜெசிந்தா அந்தச் சுவரை மட்டும் தொட விடவில்லை.

அவ்வளவு ஆசைப்படுகிற பிள்ளைக்கு அப்பன் ஏதாவது செய்ய வேண்டாமா? பிறந்தநாளுக்கு ஒரு பெல்ட் வாங்கிக் கொடுத்தேன். பெரியவர்கள் போடுவதில் ஆகச் சின்னது. சிவப்புக் கொக்கி. மாஸ்டர் மகள் அல்லவா, ஜட்டி போட்டு ஜெயித்தால் அது ஜெயிப்பா? கரையில் எல்லோரிடமும் சொல்லியும் விட்டேன், இந்த வருடம் என் பிள்ளை பெல்ட்டில் இறங்குகிறாள் என்று.

ஜெசிந்தா பெல்ட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அவளுக்கு இடுப்பே இல்லையேங்க. தலகாணி உறை மாதிரி நேரா இருக்கா. இது எதுல நிக்கும்?"

"இறுக்கிக் கட்டினா நிக்கும்" என்றேன். அபிஷா, "சரிப்பா" என்றாள். பழைய ஜட்டி பரண் மேலே போய்விட்டது.

மறுநாளிலிருந்து பெல்ட்டில்தான் கடலில் இறங்கிப் பழகினாள். அதன் பிறகு பிள்ளையிடம் என்ன மாற்றம் தெரியுமா? பெரிய மனுஷி ஆகிவிட்டாள். முன்பெல்லாம் நான் ஒன்று சொன்னால் தரையில் உருண்டு சிரிப்பாள். இப்போது உதட்டை மட்டும் லேசாக நீட்டி, "போதும்ப்பா" என்கிறாள். யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்புவதில்லை, பீரோவை நகர்த்துகிற மாதிரி மொத்த உடம்போடு நிதானமாகத் திரும்புகிறாள். ராணி நடை! தலை பின்னக் கையைத் தூக்குவதில்லை, அம்மாவைக் கூப்பிடுகிறாள். வலது பக்கமாகப் படுத்தால் படுத்தபடியே காலையில் எழுகிறாள். முன்பு அந்தப் பாயில் பம்பரமாகச் சுற்றுவாள். ஒழுக்கம் வந்துவிட்டது. பெல்ட் போட்டால் பிள்ளைகள் பக்குவப்படுகிறார்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை ஜெசிந்தா அவளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவள், அப்படியே வெளியே வந்து என்னைக் கூப்பிட்டாள். "விலாப் பக்கம் நீலமா ஒரு கோடு ஓடுதுங்க. வந்து பாருங்க."

பார்த்தேன். "ஊதா டீ-ஷர்ட் சாயம்" என்றேன்.

"சாயமா? எண்ணெய் போட்டுத் தேய்ச்சும் போகலையே?"

"போகலைன்னா நல்ல சாயம்."

ஜெசிந்தா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு கையை நீட்டி, ஒரு விரலால், சும்மா ஒரே ஒரு விரலால், என் இடது விலாவைத் தொட்டாள். நான் கத்தியதில் பக்கத்து வீட்டுக் கோழிகள் சுவர் ஏறிவிட்டன.

"இது எந்த டீ-ஷர்ட்டு?" என்றாள்.

அன்றைக்கே தீர்ப்பும் சொல்லிவிட்டாள். "நான் ஒண்ணும் சொல்லலை. நீங்களும் ஒண்ணும் சொல்லக் கூடாது. ஓட்டத்தன்னிக்குக் காலையில பெல்ட்டு, ஜட்டி ரெண்டையும் மணல்ல வைப்போம். எது வேணும்னு அவ எடுக்கட்டும். அதுவரைக்கும் அவ கடலு பக்கம் போகக் கூடாது. உடம்பு ஆறட்டும்."

ஒப்புக்கொண்டேன். எனக்கென்ன பயம்? சிவப்புக் கொக்கி சார்.

இதற்கு நடுவில் என் பிழைப்பு ஒன்று இருக்கிறதே. நான் தினமும் தண்ணீரில் இறங்க வேண்டும். வாயு விடவில்லை. பெல்ட் ஏறும்போதெல்லாம் வாயு அதிகமானது. வாய் விட்டுக் கத்தவும் முடியாது, பக்கத்தில் மாணவர்கள். பெல்ட்டை யாராவது கீழே பிடித்து வைத்துக்கொண்டால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று யோசித்தேன். பரண் மேலே அபிஷாவின் ஜட்டி சும்மா கிடந்தது. அதன் தொடைப் பட்டை இரண்டும் கிளிப்பில் மாட்டுகிற வகை, தனியே கழற்றலாம். கழற்றி என் பெல்ட்டில் மாட்டினேன். அளவை முழுக்கத் தளர்த்தினேன். என் தொடை ஒல்லி, எப்படியோ போய்விட்டது. மேலே முழங்கால் வரை வரும் தொளதொள அரைக்கால் சட்டை. வெளியே ஒன்றும் தெரியாது.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? அது ஜட்டி இல்லை. பெல்ட்டில் இரண்டு பட்டை மாட்டினால் அது பட்டை மாட்டிய பெல்ட். வித்தியாசம் இருக்கிறது. நான் கொஞ்சம் கால் அகட்டி நடந்தேன், அவ்வளவுதான். வக்கீல் ஒருநாள், "மாஸ்டர், உங்க நடையில ஒரு கம்பீரம் கூடியிருக்கு" என்றார். அவரும் மரியாதை தெரிந்தவர்தான்.

பட்டை உப்பில் ஊறித் தொடையை அறுக்கும் என்பதால் தினமும் அலசிக் கிணற்றடிக்குப் பின்னால் காயப்போடுவேன். ஒருநாள் எடுக்கப் போனால், இரண்டும் ஒழுங்காக மடித்து வைத்திருந்தது. மேலே கிளிப் போட்டு, காற்றில் பறக்காமல் ஒரு கல்லும் வைத்திருந்தது. ஜெசிந்தா மடித்திருந்தால் ஊருக்கே கேட்டிருக்கும். அபிஷா சாப்பாட்டு நேரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் சாப்பிட்டாள். நானும் பேசவில்லை. பேசினால் விலா வலிக்கிறது, அதாவது வாயு.

ஓட்டத்தன்று கரை நிறையக் கூட்டம். பிள்ளைகளுக்குத் துணையாகத் தண்ணீரில் இறங்க நானும் என் பட்டை மாட்டிய பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் எல்லாம் பட்டத்தின் குழாய்களுக்குக் காற்றடித்துத் தயாராக இருக்கிறார்கள். ஜெசிந்தா பாய் விரித்து, ஒரு பக்கம் சிவப்புக் கொக்கி பெல்ட்டை வைத்தாள். பையிலிருந்து ஜட்டியை எடுத்து மறுபக்கம் வைத்தாள். வைத்தவள் குனிந்து பார்த்தாள். தூக்கி உதறினாள். பையைக் கவிழ்த்தாள்.

"தொடைப் பட்டை எங்க?"

பாயைத் தூக்கி அடியிலும் பார்த்தாள்.

"பரண் மேல வைக்கும்போது இருந்துச்சே. ஏங்க, நீங்க பாத்தீங்களா?"

நான் வானத்தைப் பார்த்தேன். காற்று எந்தத் திசை என்று மாஸ்டர் பார்க்க வேண்டும் அல்லவா?

"பட்டை இல்லாம இது எதுக்கு ஆகும்? பாதி மூட்டை மாதிரி தொங்கும். எலி தூக்கிட்டுப் போச்சா?"

வக்கீல் முன்னால் வந்து, "அம்மா, என்னோடதுல கழட்டித் தரவா?" என்றார். அவருடையது தையலோடு சேர்ந்த வகை. கழன்றாலும் அபிஷாவுக்கு அது தொடைக்கு இல்லை, தூளிக்குத்தான் ஆகும். பசங்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் சிரிக்கக் கூடாது என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே.

போட்டி நடத்துகிறவன் என் மச்சான்தான், ஜெசிந்தாவின் தம்பி, ரொசாரியோ. "அக்கா, காத்து இப்பத்தான் சரியா இருக்கு. இன்னும் கொஞ்ச நேரத்துல எறங்கிரும். பாப்பா வருதா, வரலையா?" என்று சத்தம் போட்டான்.

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். "பெல்ட்டைக் கட்டி அனுப்ப மாட்டேன்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வருது. ஆனா நான் வாக்குக் குடுத்துட்டேன். அபி, நீயே சொல்லு. பெல்ட்டா? இல்ல, இந்த வருஷம் வேண்டாமா?"

இங்கே நான் நின்ற நிலையை நீங்கள் யோசிக்க வேண்டும் சார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று ராமநாதபுரத்தில் இருக்கும் என் அண்ணன் போனில் கேட்கிறான். என்ன வார்த்தை? இரண்டு பக்கமும் என் மாணவர்கள். முந்தின நாள் சேர்ந்த கல்லூரிப் பெண்கள் வேறு. ஜட்டி என்று பெயர் வைத்தவன் நான். அதோடு, பெல்ட் இருக்கிறதே! பாயில் முழுசாக, சிவப்பாக, பளபள என்று. பிள்ளை மூச்சை விட்டால் நானே முழங்காலை ஊன்றி இழுத்துக் கட்டிவிடுவேன். அந்தச் சாயமும் முக்கால்வாசி போயிருந்தது. மஞ்சளாக ஒரு ஓரம்தான் பாக்கி.

அபிஷா பாயின் முன்னால் உட்கார்ந்தாள். சிவப்புக் கொக்கியைத் தொட்டாள். மணல்திட்டைப் பார்த்தாள். மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கையை விலாவில் வைத்து ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தாள், பாதியில் நிறுத்தினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். தைரியம் கொடுப்பது அப்பனின் கடமை.

"பாப்பா, கொடியை இறக்கி ஓட்டத்தை ஆரம்பிக்கப் போறேன்!" என்றான் ரொசாரியோ.

அபிஷா எழுந்தாள். பெல்ட்டை எடுத்து மடித்து அம்மா கையில் கொடுத்தாள். நேராக என்னிடம் நடந்து வந்தாள்.

"அப்பா, உள்ள போட்டிருக்கிற பட்டை ரெண்டையும் கழட்டித் தாங்க" என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் கரையில் அந்த நேரம் பார்த்து ஒருவரும் பேசிக்கொண்டிருக்கவில்லை.

படகு மறைவுக்குப் போய்க் கழற்றினேன். கொண்டுவந்து கொடுத்தேன். அவள் அளவைச் சின்னதாக்கி, ஜட்டியில் மாட்டி, போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.